சோப்பு பாட்டிலிலேயே கிருமியா? பயணத்தில் பொதுச் சோப்பு, ஷாம்பு பம்புகளைப் பயன்படுத்தும் முறை



வெளியூர் போய் லாட்ஜில் அறை எடுக்கிறீர்கள். குளியலறைச் சுவரில் இரண்டு பெரிய பாட்டில்கள் மாட்டியிருக்கின்றன. ஒன்றில் ஷாம்பு, இன்னொன்றில் பாடிவாஷ். போகிற வழியில் உணவகத்தில் கை கழுவும் இடத்திலும் ஒரு பம்ப் பாட்டில். ரயில் பெட்டியிலும், சுங்கச்சாவடிக் கழிப்பறையிலும், ஆஸ்பத்திரியிலும் இதே பம்ப்தான். அமுக்குகிறோம், சோப்பு வருகிறது, கழுவிவிட்டுப் போகிறோம்.

அந்த பாட்டிலைக் கடைசியாக எப்போது கழுவினார்கள்? அதற்குள் ஊற்றியது என்ன? இந்தக் கேள்வி நமக்குத் தோன்றுவதே இல்லை. "ஏங்க, சோப்புதானே கிருமியைக் கொல்லும், அதுக்குள்ள எப்படிங்க கிருமி இருக்கும்?" என்றுதான் பலரும் கேட்பார்கள். கேள்வி நியாயமானது. அதற்கான பதிலைத்தான் இந்தப் பாடத்தில் பார்க்கப் போகிறோம்.

இதைப் படித்து முடிக்கும்போது நான்கு விஷயங்கள் உங்களுக்குத் தெரிந்திருக்கும்:

1. நிரப்பி நிரப்பிப் பயன்படுத்தும் பாட்டிலில் கிருமி எப்படிக் குடியேறுகிறது.
2. எந்த வகை பம்ப் நம்பகமானது, எது சந்தேகத்துக்குரியது.
3. யார் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், பையில் என்ன எடுத்துச் செல்ல வேண்டும்.
4. சுத்தமில்லாத இடத்தைப் பற்றிக் கைபேசியில் எப்படிப் புகார் செய்வது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இதைப் படித்துவிட்டு யாரும் கை கழுவுவதை நிறுத்திவிடக் கூடாது. கை கழுவாமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து.

பாக்கெட்டிலிருந்து பம்புக்கு

சின்ன பாக்கெட்டில் ஷாம்பு விற்பதை நாடு முழுவதும் பரப்பியதில் நம் கடலூருக்குப் பெரிய பங்கு உண்டு. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன் வெல்வெட் ஷாம்புவைப் பாக்கெட்டில் கொண்டுவந்தார். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-ல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்புவைச் சில்லறைக் காசுக்குக் கிராமம் வரை கொண்டுபோனார். பாட்டில் வாங்க முடியாத குடும்பங்களுக்கும் ஷாம்பு கிடைத்தது.

ஆனால் காலியான பாக்கெட் எங்கே போகிறது? பல அடுக்குப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் அதை மறுசுழற்சி செய்வது கடினம். ஆற்றங்கரையிலும் கோயில் குளத்தருகிலும் அதுதான் கிடக்கிறது. விடுதிகளில் தரும் குட்டி பாட்டில்களும் அப்படித்தான். பாதி பயன்படுத்திவிட்டு விட்டுப் போவோம், மீதி குப்பைக்குப் போகும்.

இதனால்தான் உலகம் முழுவதும் விடுதிகள் பெரிய பம்ப் பாட்டிலுக்கு மாறுகின்றன. அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் 2019-ல் இதற்காகச் சட்டமே போட்டது. 50 அறைகளுக்கு மேல் உள்ள விடுதிகள் 2023 முதலும், மற்றவை 2024 முதலும் குட்டிப் பிளாஸ்டிக் பாட்டில்களைத் தரக் கூடாது. மேரியட் போன்ற பெரிய நிறுவனங்களும் 2019-லேயே இந்த மாற்றத்தை அறிவித்துவிட்டன.

ஆகவே பம்ப் பாட்டில் வந்தது நல்ல காரணத்துக்காகத்தான். அதை வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதை எப்படி நிரப்புகிறார்கள், எப்படிப் பராமரிக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

சோப்புக்குள் கிருமி எப்படி வளரும்?

முதலில் ஒரு தவறான எண்ணத்தைச் சரிசெய்து கொள்வோம். சாதாரணச் சோப்பின் முக்கிய வேலை கிருமியைக் கொல்வது அல்ல. கையில் இருக்கும் எண்ணெய்ப் பசையையும் அழுக்கையும் பிடித்து இளக்குகிறது. அதோடு ஒட்டியிருக்கும் கிருமிகளும் தண்ணீரில் அடித்துக்கொண்டு போகின்றன. சில கிருமிகளின் மேலுறையைச் சோப்பு உடைக்கும் என்பது உண்மை. ஆனால் எல்லாக் கிருமிகளையும் அல்ல.

திரவச் சோப்பிலும் ஷாம்புவிலும் தண்ணீர்தான் அதிகம். தண்ணீர் இருந்தால் கிருமி வளரும். அதைத் தடுக்கத் தொழிற்சாலையிலேயே பதப்பொருள் சேர்க்கிறார்கள். சீல் வைத்த புதிய பாட்டில் கெடாமல் இருப்பது அதனால்தான். பதப்பொருள் குறிப்பிட்ட அளவில் இருந்தால்தான் வேலை செய்யும்.

இனி ஒரு விடுதியில் நடப்பதைப் படிப்படியாகப் பாருங்கள்.

முதல் படி: பாட்டில் முக்கால்வாசி காலியாகிறது. மீதியைக் கொட்டாமல், அதன் மேலேயே கேனிலிருந்து புதிய சோப்பை ஊற்றுகிறார்கள். மூடி திறந்திருக்கும்போது கையிலிருந்தும் காற்றிலிருந்தும் தண்ணீர்த் துளியிலிருந்தும் கிருமி உள்ளே போகிறது.

இரண்டாம் படி: "கெட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி ஊத்து, ரெண்டு நாள் கூட வரும்." இது பல இடங்களில் வழக்கம். குழாய்த் தண்ணீர் சேர்ந்ததும் இரண்டு கேடு ஒன்றாக நடக்கிறது. பதப்பொருள் நீர்த்துப் பலம் இழக்கிறது. தண்ணீரோடு புதிய கிருமிகளும் உள்ளே வருகின்றன.

மூன்றாம் படி: உள்ளே போன கிருமிகள் பாட்டிலின் உள்சுவரிலும் பம்பின் குழாயிலும் ஒட்டிக்கொண்டு, வழுவழுப்பான ஒரு படலத்தை உருவாக்குகின்றன. தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்தைத் தடவினால் கையில் வழுக்குமே, அதே மாதிரியான படலம். அது கிருமிகளுக்குக் கோட்டைச் சுவர் போல. மேலே எவ்வளவு நல்ல சோப்பை ஊற்றினாலும், அடியில் இருக்கும் படலம் அதையும் கெடுத்துவிடும். வெறும் தண்ணீர் விட்டு அலசினால் படலம் போகாது.

பழைய மாவின் மேல் புது மாவை ஊற்றினால் புது மாவும் சேர்ந்து புளிக்கும், இல்லையா? அதே கணக்குதான் இது.

இந்த பாட்டில்களில் அடிக்கடி காணப்படும் கிருமிகளில் சூடோமோனாஸ், செராஷியா, கிளெப்சியெல்லா ஆகியவை உண்டு. செராஷியாவை நீங்கள் கண்ணாலேயே பார்த்திருக்கலாம். குளியலறை மூலைகளில் இளஞ்சிவப்பாகப் படியும் வழவழப்புக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

இந்தக் கிருமிகளை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

• 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பொது இடக் கழிப்பறைகளில் ஊற்றி நிரப்பும் வகை பாட்டில்களிலிருந்து சோப்பு எடுத்துப் பரிசோதித்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு மாதிரிகளில் அளவுக்கு மீறிய பாக்டீரியா இருந்தது.

• அதே 2011-ல் வெளியான இன்னோர் ஆய்வு, ஓர் அமெரிக்கத் தொடக்கப் பள்ளியில் நடந்தது. அங்கிருந்த 14 பாட்டில்களும் மாசுபட்டிருந்தன. அந்தச் சோப்பில் கை கழுவிய பிறகு, மாணவர்கள், ஊழியர்கள் கைகளில் ஒரு வகைப் பாக்டீரியாவின் எண்ணிக்கை கழுவுவதற்கு முன் இருந்ததைவிட ஏறத்தாழ 26 மடங்கு கூடியிருந்தது. அதாவது, சுத்தம் செய்யப் போய் அழுக்கு கூடிவிட்டது.

• அதே பள்ளியில், சீல் வைத்த ரீஃபில் பை பொருத்தும் பம்புகளை மாட்டினார்கள். அந்தச் சோப்பில் கழுவியபோது கையில் பாக்டீரியா குறைந்தது. ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் புதிய பம்புகளில் மாசு இல்லை.

அமெரிக்காவின் நோய்த்தடுப்பு மையம் 2002-லேயே மருத்துவமனைகளுக்கு ஒரு விதி சொல்லியிருக்கிறது: பாதி காலியான சோப்பு பாட்டிலின் மேல் புதுச் சோப்பை ஊற்றாதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டியும் இதையே வலியுறுத்துகிறது.

"அப்ப அந்தச் சோப்பைத் தொட்டாலே நோய் வந்துடுமா?" இல்லை. நல்ல ஆரோக்கியத்துடன், தோலில் காயம் எதுவும் இல்லாதவர்களுக்கு இந்தக் கிருமிகள் பெரும்பாலும் ஒன்றும் செய்வதில்லை. பயப்படத் தேவையில்லை. ஆனால் எல்லோரும் அந்த நிலையில் இருப்பதில்லையே!

இவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்

மொட்டை போட்ட தலை, காது குத்திய குழந்தை: பழனிக்கோ குலதெய்வக் கோயிலுக்கோ போகிறோம். குழந்தைக்கு மொட்டை போட்டு, காது குத்தி, அங்கேயே பொதுக் குளியலறையிலோ தங்கும் விடுதியிலோ குளிப்பாட்டுகிறோம். மழித்த தலையில் கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன வெட்டுகள் இருக்கும். காதில் புதுப் புண். அந்த நேரத்தில் யாரோ நிரப்பிய பாட்டிலிலிருந்து ஷாம்பு எடுத்துத் தேய்ப்பது நல்லதல்ல. வீட்டிலிருந்து கொண்டுபோன சோப்பு போதும். பெரியவர்களுக்கும் இதேதான்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்: காலில் வெடிப்போ ஆறாத புண்ணோ இருந்தால் பொது பாட்டில் சோப்பு அதில் படக் கூடாது.

ஆபரேஷன் முடிந்தவர்கள், தையல் போட்டவர்கள், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்பவர்கள்: இவர்களுக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைவாக இருக்கலாம். சிகிச்சைக்காக வெளியூர் வந்து லாட்ஜில் தங்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. நோயாளி மட்டுமல்ல, அவரைத் தொட்டுப் பராமரிப்பவரும் சொந்தச் சோப்பையே பயன்படுத்த வேண்டும்.

கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள்: சூடோமோனாஸ் கிருமி கண்ணின் கருவிழியைத் தாக்கினால் பார்வைக்கே ஆபத்து. லென்ஸைத் தொடும் முன் நம்பகமான சோப்பில் கழுவி, கையை நன்றாகத் துடைத்து உலர்த்த வேண்டும்.

பச்சிளங்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்கள்: பால் கொடுக்கும் முன்பும், புட்டி, பாலாடையைத் தொடும் முன்பும் சொந்தச் சோப்பு. செராஷியா கிருமி பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் தொற்று பரப்பிய சம்பவங்களில், சோப்பு பாட்டில்கள் காரணமாக இருந்ததும் பதிவாகியிருக்கிறது.

மூன்று வகை பம்புகள்: எது எப்படி?

அடுத்த முறை கை கழுவப் போகும்போது ஐந்து விநாடி நின்று பாருங்கள். மூன்றில் ஒரு வகையாகத்தான் இருக்கும்.

முதல் வகை, சீல் வைத்த பை அல்லது கார்ட்ரிட்ஜ். உள்ளே தொழிற்சாலையில் அடைத்த பை இருக்கும். தீர்ந்ததும் பையை எடுத்துவிட்டுப் புதுப் பையை மாட்டுவார்கள். பெரும்பாலானவற்றில் சோப்பு வரும் முனையும் பையோடு சேர்ந்தே மாறும். இது மூன்றிலும் பாதுகாப்பானது.

இரண்டாம் வகை, பூட்டிய முழு பாட்டில். சுவரில் உள்ள பிடிக்குள் பாட்டிலை வைத்துப் பூட்டியிருப்பார்கள். தீர்ந்ததும் முழு பாட்டிலையும் மாற்ற வேண்டும். அப்படி மாற்றினால் நல்லது. ஆனால் சில இடங்களில் அதே பாட்டிலைக் கழற்றி, கேனிலிருந்து ஊற்றி, மறுபடி மாட்டிவிடுவார்கள். அப்போது அது மூன்றாம் வகையாகிவிடும்.

மூன்றாம் வகை, மூடியைத் திறந்து ஊற்றுவது. சுவரில் மாட்டிய பிளாஸ்டிக் பெட்டி, அல்லது மேடையில் வைத்த சாதாரண பம்ப் பாட்டில். யார் வேண்டுமானாலும் மூடியைத் திறக்கலாம், எதை வேண்டுமானாலும் ஊற்றலாம். நம்மூரில் அதிகம் பார்ப்பது இதைத்தான். ஒழுங்காகக் கழுவி, காயவைத்து நிரப்பினால் இதுவும் பரவாயில்லை. இல்லாவிட்டால் சந்தேகத்துக்குரியது.

நுரையாக வரும் பம்பிலும் ஒரு விஷயம் உண்டு. அதற்கென்றே தயாரித்த திரவத்தை ஊற்றினால் சரி. சாதாரண ஹேண்ட்வாஷில் பாதிக்குப் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து ஊற்றினாலும் நுரை வரும். ஆனால் பதப்பொருளும் பாதியாகிவிடும்.

சந்தேகப்பட வேண்டிய அறிகுறிகள்

• சோப்பு தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது.
• வாசனை புளித்தோ கெட்டோ இருக்கிறது.
• நிறம் மாறியிருக்கிறது, அல்லது உள்ளே திட்டுத் திட்டாக மிதக்கிறது.
• முனையைச் சுற்றி வழுவழுப்பான பசை, கருமை, இளஞ்சிவப்புக் கறை.
• மூடி இல்லை, உடைந்திருக்கிறது, அல்லது பூட்டு திறந்து கிடக்கிறது.
• பாட்டிலில் ஒரு நிறுவனத்தின் பெயர், உள்ளே வேறு நிறத் திரவம்.
• எந்த லேபிளும் இல்லை. நம் நாட்டில் விற்கும் அழகுசாதனப் பொருள்களின் லேபிளில் தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண், பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி போன்ற விவரங்கள் இருக்க வேண்டும் என்பது விதி.

இதில் ஒன்று தெரிந்தாலும் அந்தச் சோப்பை விட்டுவிடுங்கள். அதே சமயம், பார்க்க நன்றாக இருப்பதாலேயே அது சுத்தம் என்று முடிவு கட்டவும் முடியாது. கிருமி கண்ணுக்குத் தெரியாது. மேலே சொன்னவர்கள் எப்போதும் சொந்தச் சோப்பையே பயன்படுத்தச் சொல்வது அதனால்தான்.

"எல்லோரும் கை வைத்து அமுக்கும் பம்பைத் தொடுவதே ஆபத்தில்லையா?" என்று சிலர் கேட்பார்கள். கை கழுவும் பம்பில் அது பெரிய பிரச்சினை இல்லை. அமுக்கிய கையைத்தான் அடுத்த நொடி கழுவப் போகிறீர்களே! கழுவி முடித்த பிறகு தொடும் குழாய்த் திருகும் கதவுக் கைப்பிடியும்தான் அதைவிடக் கவனிக்க வேண்டியவை. முழங்கையாலோ காகிதம் வைத்தோ மூடிப் பழகுங்கள்.

பையில் என்ன எடுத்துச் செல்வது?

சின்னச் சோப்புக்கட்டி: நம் பாட்டி காலத்து வழிதான். "கட்டிச் சோப்பிலயும் கிருமி ஒட்டும்ல?" ஒட்டும். ஆனால் 1988-ல் வெளியான ஓர் ஆய்வில், வேண்டுமென்றே கிருமி தடவிய சோப்புக்கட்டியால் 16 பேரைக் கை கழுவச் சொன்னார்கள். கழுவிய பிறகு ஒருவர் கையிலும் அந்தக் கிருமி கண்டறியும் அளவுக்கு இல்லை. உங்கள் கட்டியை நீங்கள் மட்டும் பயன்படுத்தினால் இன்னும் நல்லது. தண்ணீர் வடிய அடியில் ஓட்டை உள்ள டப்பாவில் வையுங்கள். அடைத்த டப்பாவில் கொழகொழவென்று ஊற விடாதீர்கள்.

பேப்பர் சோப்பு: சட்டைப் பையில் வைக்கலாம், எடை இல்லை. உலர்ந்த கையால் ஒரு தாளை எடுத்த பிறகுதான் குழாயைத் திறக்க வேண்டும். ஈரக் கை பட்டால் மொத்தமும் ஒட்டிக்கொள்ளும்.

சின்ன பாட்டில் ஷாம்பு: 50 அல்லது 100 மி.லி. பாட்டில் ஒரு குடும்பத்துக்குச் சில நாள் வரும். சர்வதேச விமானப் பயணத்தில் கைப்பையில் வைக்கும் திரவப் பாட்டில் ஒவ்வொன்றும் 100 மி.லி.க்கு மிகாமல் இருக்க வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். சோப்புக்கட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை.

சானிடைசர்: குறைந்தது 60 சதவீதம் ஆல்கஹால் உள்ளதா என்று லேபிளைப் பாருங்கள். கையில் மண், எண்ணெய், சாப்பாட்டுப் பிசுக்கு இருந்தால் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. வாந்தி, வயிற்றுப்போக்கை உண்டாக்கும் நோரோ வைரஸ் போன்றவற்றிடமும் அதன் பலம் குறைவு. கழிப்பறை போய் வந்தால் தண்ணீரும் சோப்பும்தான் முதல் வழி.

கைத்துண்டு: ஈரக் கையில் கிருமி எளிதாக ஒட்டும், எளிதாகப் பரவும். ஆகவே கழுவுவதைப் போலவே துடைப்பதும் முக்கியம்.

சரி, கையில் ஒன்றுமே இல்லை, பாட்டிலும் சந்தேகமாக இருக்கிறது. என்ன செய்வது? ஓடும் தண்ணீரில் விரல் இடுக்கு, நகக்கண், பெருவிரல் எல்லாம் 20 விநாடியாவது தேய்த்துக் கழுவித் துடையுங்கள். 2011-ல் வெளியான ஒரு பிரிட்டன் ஆய்வில், பொது இடங்களில் கைப்பிடிகளைத் தொட்டவர்களின் கைகளைச் சோதித்தார்கள். கழுவாத கைகளில் 44 சதவீதத்தில் மலத்தில் காணப்படும் வகைப் பாக்டீரியா இருந்தது. வெறும் தண்ணீரில் கழுவியபோது அது 23 சதவீதமாகவும், சோப்பில் கழுவியபோது 8 சதவீதமாகவும் குறைந்தது. வெறும் தண்ணீருக்கும் பலன் உண்டு, நல்ல சோப்புக்குப் பலன் அதிகம் என்பதுதான் இதன் பொருள்.

வீட்டு பாட்டிலும் இதே கதைதான்

ஊரில் உள்ள பாட்டில்களைக் குறை சொல்வதற்கு முன் நம் வீட்டு வாஷ்பேசினைப் பார்ப்போம். ஹேண்ட்வாஷ் தீரும் நேரத்தில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குலுக்கி இன்னும் ஒரு வாரம் ஓட்டுவது நம் எல்லார் வீட்டிலும் நடக்கிறது. ரீஃபில் பாக்கெட் வாங்கி, பாதி காலியான பாட்டிலின் மேலேயே ஊற்றுவதும் வழக்கம்தான். பயணத்துக்கு எடுத்துப்போகும் குட்டி ஷாம்பு பாட்டிலை ஒவ்வொரு முறையும் கழுவாமல் நிரப்பினால், அதுவும் ஊற்றி நிரப்பும் பாட்டில்தான்.

கடைசித் துளி வீணாகக் கூடாது என்றால் தண்ணீர் ஊற்றிக் குலுக்குங்கள், தவறில்லை. ஆனால் அதை அன்றைக்கே பயன்படுத்தி முடித்துவிடுங்கள். பிறகு பாட்டிலையும் பம்பையும் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவி, கவிழ்த்து வைத்து, முழுவதும் காய்ந்த பிறகு ரீஃபில் ஊற்றுங்கள்.

லாட்ஜ், உணவகம், மண்டபம் நடத்துபவர்களுக்கு

நீங்களே ஒரு விடுதியோ மெஸ்ஸோ கல்யாண மண்டபமோ நடத்துபவராக இருந்தால், இந்தப் பகுதியை வாட்ஸ்அப்பில் உங்கள் ஊழியர்களுக்கு அனுப்புங்கள்.

1. மீதியின் மேல் ஊற்றாதீர்கள். தீர்ந்த பிறகு கழுவுங்கள், அதன்பின் நிரப்புங்கள்.
2. தண்ணீர் கலக்காதீர்கள். ஒரு பாட்டிலுக்கு மிச்சமாகும் சில ரூபாய்க்காக விருந்தாளியின் உடம்போடு விளையாடக் கூடாது.
3. ஒவ்வோர் இடத்துக்கும் இரண்டு பாட்டில் வையுங்கள். ஒன்று பயன்பாட்டில் இருக்கும்போது இன்னொன்று கழுவிக் காயட்டும். காய்வதற்கு நேரம் கொடுப்பதுதான் பாதி சுத்தம்.
4. வெந்நீரிலும் சோப்பிலும் கழுவிய பிறகு, பிளீச்சிங் கரைசலில் அதன் லேபிளில் சொன்ன அளவு, நேரப்படி ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். பம்பின் குழாய்க்குள்ளும் கரைசல் போகும்படி சில முறை அமுக்குங்கள். பிளீச்சிங்கோடு ஆசிட் வகைக் கழிப்பறை கிளீனரை எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள். நச்சு வாயு உண்டாகும்.
5. நிரப்பிய தேதியை ஸ்டிக்கரில் எழுதி ஒட்டுங்கள். விருந்தாளிக்கு நம்பிக்கை வரும், ஊழியருக்கும் நினைவிருக்கும்.
6. முடிந்தால் சீல் வைத்த ரீஃபில் வகைக்கு மாறுங்கள். முடியாவிட்டால், கை கழுவுமிடத்தில் தண்ணீர் வடியும் தட்டில் சின்னச் சோப்புக்கட்டி வைப்பதும் நல்ல வழிதான்.

ஊழியரைத் திட்டிப் பயனில்லை. கழுவ நேரமும், மாற்று பாட்டிலும் கொடுத்தால்தான் அவரால் செய்ய முடியும்.

கைபேசியில் புகார் செய்வது எப்படி?

சோப்பே இல்லை, பாட்டில் உடைந்திருக்கிறது, கெட்ட வாடை வருகிறது என்றால் பொறுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. முதலில் அங்கேயே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். "அண்ணே, இந்தப் பாட்டில் கெட்டுப்போயிருக்கு, மாத்திடுங்க" என்று பொறுமையாகச் சொன்னாலே பாதி இடங்களில் வேலை நடந்துவிடும். நடக்கவில்லை என்றால்:

• ரயிலிலும் ரயில் நிலையத்திலும்: 139 என்ற எண், அல்லது ரயில்மதத் செயலி. பி.என்.ஆர். எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.
• தேசிய நெடுஞ்சாலை, சுங்கச்சாவடிக் கழிப்பறை: 1033, அல்லது ராஜ்மார்க்யாத்ரா செயலி.
• சென்னை மாநகராட்சிக் கழிப்பறை: 1913.
• மாநில அரசுத் துறைகள் தொடர்பான குறை: முதல்வரின் உதவி மையம் 1100.
• காசு கொடுத்துத் தங்கிய விடுதி, சாப்பிட்ட உணவகத்தின் சேவைக் குறைபாடு: தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.
• தோலில் தடிப்பு, சீழ், கண் சிவத்தல் போன்றவை வந்தால்: மருத்துவ ஆலோசனைக்கு 104. தாமதிக்காமல் டாக்டரையும் பாருங்கள்.

புகாரில் மூன்று விவரம் கட்டாயம் இருக்க வேண்டும்: எங்கே, எப்போது, என்ன. மாதிரிக்கு ஒன்று:

"இன்று காலை 9.40 மணி. பெட்டி எண் ..., கழிப்பறை எண் .... சோப்பு பாட்டிலின் மூடி உடைந்துள்ளது. முனையில் கறுப்புப் படலம் இருக்கிறது. வரும் சோப்பு தண்ணீராக, கெட்ட வாடையுடன் உள்ளது. புகைப்படம் இணைத்துள்ளேன். மாற்றித் தர வேண்டுகிறேன்."

பாட்டிலை மட்டும் நெருக்கத்தில் படம் எடுங்கள். குளியலறை, கழிப்பறைப் பகுதியில் மற்றவர்கள் யாரும் படத்தில் வரக் கூடாது. புகார் எண் வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு நிலையைக் கேட்க அது தேவைப்படும். சரிசெய்துவிட்டால் செயலியில் நல்ல மதிப்பீடு கொடுக்கவும் மறக்காதீர்கள். வேலை செய்தவருக்கு அது ஊக்கம்.

உங்களை நீங்களே சோதித்துக்கொள்ளுங்கள்

கேள்வி 1: பாட்டிலில் கால்வாசி ஷாம்பு இருக்கிறது. புதுசு ஊற்றலாமா?
பதில்: வேண்டாம். தீரட்டும். கழுவிக் காயவைத்த பிறகு ஊற்றுங்கள்.

கேள்வி 2: கிருமிநாசினிச் சோப்பு என்று லேபிளில் போட்டிருக்கிறது. அதில் கிருமி வளராதுதானே?
பதில்: தண்ணீர் கலந்து, கழுவாத பாட்டிலில் ஊற்றினால் அதுவும் கெடலாம். லேபிளைவிடப் பராமரிப்பு முக்கியம்.

கேள்வி 3: குழந்தைக்கு மொட்டை போட்டிருக்கிறோம். விடுதி ஷாம்பு நல்ல கம்பெனி. பயன்படுத்தலாமா?
பதில்: பாட்டிலின் மேல் உள்ள பெயர், உள்ளே இருப்பதற்கு உத்தரவாதம் இல்லை. வீட்டுச் சோப்பையே பயன்படுத்துங்கள்.

கேள்வி 4: பொதுச் சோப்பு சந்தேகமாக இருக்கிறது. கை கழுவாமல் சாப்பிடலாமா?
பதில்: கூடவே கூடாது. சொந்தச் சோப்பு, அது இல்லாவிட்டால் ஓடும் தண்ணீர், அதன் மேல் சானிடைசர்.

நான்குக்கும் சரியாகப் பதில் சொன்னீர்களா? அப்படியென்றால் அடுத்த பயணத்துக்கு நீங்கள் தயார். இன்றைக்கே இரண்டு வேலை செய்யுங்கள். மேலே உள்ள எண்களைக் கைபேசியில் சேமித்து வையுங்கள். பிறகு வாஷ்பேசின் பக்கம் போய், அங்கிருக்கும் பம்பின் முனையை ஒருமுறை உற்றுப் பாருங்கள்.